இரண்டேகால் வயது மகனுக்கு ஆட்டிசப் பயிற்சி: இப்போதே தொடங்கலாமா?

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்):
பெயர் சொல்லி அழைத்தால் என் மகன் திரும்புவதில்லை. குக்கர் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். செவித்திறனை அளக்கும் பெரா பரிசோதனையில் காதில் குறை இல்லை என்று தெரிந்தபின், குழந்தைநல மருத்துவர் ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறிய உதவும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெரிவதால், முழு மதிப்பீடு முடியும்வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்றார். "அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்கிறார் மாமியார். இங்குள்ள ஒரு தனியார் மையமோ, நாளுக்கு ஐந்து மணி நேரம் விட வேண்டும், வீட்டிலும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்கிறது. என்ன செய்வது?

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர்):
தொடங்கிவிடுங்கள். பிற்பாடு ஆட்டிசம் இல்லை என்றே தெரியவந்தாலும், விளையாட்டின் வழியே பேச்சை வளர்க்கும் பயிற்சியால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தொடக்கத்தில் பயிற்சியாளரும் அவனோடு தரையில் உட்கார்ந்து மூடியைச் சுழற்றுவார். இதற்கா பணம் கட்டினோம் என்று தோன்றும். ஆனால் தன் விளையாட்டுக்குள் இன்னொருவரை அவன் சேர்த்துக்கொள்வதுதான் பேச்சுக்கு முந்தைய படி. வீட்டில் சோப்புக் குமிழிப் புட்டியை இறுக மூடி அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். உடனே திறந்துவிடாமல் ஐந்தாறு நொடி பொறுத்திருந்து, அவன் ஏறிட்டுப் பார்த்தாலோ சிறு ஒலி எழுப்பினாலோ "திற" என்று சொல்லித் திறந்து ஊதுங்கள்.

ஆங்கிலம் மட்டும் என்ற விதியை ஏற்க வேண்டாம். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த விதியால் பாட்டியும் தாத்தாவும் வாயடைத்துப்போய், அவனோடு பேசும் ஆட்கள்தான் குறைவார்கள்.

மறுமொழி (திருச்சியிலிருந்து ஒரு தந்தை):
பணம் கட்டுமுன் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைப் பாருங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் இம்மையங்களில் மதிப்பீடும் பயிற்சியும் இலவசம். கூட்டம் அதிகம், முறை வரத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொள்ள அதுவே போதும். ஐந்து மணி நேரம் என்பது இந்த வயதுக்கு மிகுதி என்பது என் கருத்து. எங்கள் மகள் அப்படிப் போய்வந்த நாட்களில் சாப்பிடக்கூடத் தெம்பின்றித் தூங்கிவிடுவாள். மாமியாரையும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் விளக்குவதைவிட அவரே பார்ப்பது மேல்.

கேள்வி கேட்ட தாய்:
மிக்க நன்றி. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பள்ளியில் முத்திரை குத்திவிடுவார்களோ என்று கணவர் அஞ்சுகிறார்.

மறுமொழி (திருச்சியிலிருந்து அதே தந்தை):
நாமாகக் காட்டாமல் பள்ளிக்கு அது தெரிய வழியில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பதால், முழு மதிப்பீட்டில் அது உறுதியானால் சான்றிதழ் கிடைக்கும். அது கையில் இருந்தால், பயிற்சிச் செலவு உட்பட மருத்துவச் செலவுகளை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஏற்கும் நிராமயா என்ற அரசுக் காப்பீட்டில் சேரலாம். பயிற்சி பல ஆண்டுகள் நீளும் என்பதால், உறுதியானால் தாமதிக்காமல் விண்ணப்பித்து வையுங்கள்.