கேமிங் கணினிக்கு எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரில் 450, கணக்கில் 216

நானே அசெம்பிள் செய்த கணினியோடு மூன்று வாரம் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, அந்த விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே எழுதுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

2019-இல் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி முதல் கணினியைக் கட்டினேன். ஐ5-9400எஃப் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. கையில் இருந்த பணம் இந்த இரண்டிலேயே தீர்ந்துபோனது. அதனால் கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டிக்கொண்டேன். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை. அந்த கார்டு எடுத்துக்கொள்வதே 75 வாட்தான். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே அது கிடைத்துவிடும், தனி வயர் வேண்டாம்.

2023-இல் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டு கிடைத்தது. அதற்கு எட்டு பின் வயர் வேண்டும், என் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் நான்கு பின் வயர் இரண்டைச் சேர்த்து எட்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். எட்டு பின் வயரே வைக்காத எஸ்எம்பிஎஸ் இப்படிப்பட்ட கார்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று இரவே தொடங்கிவிட்டது. விளையாட்டு லோடாகி ஐந்து நிமிடம், திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. விண்டோஸ் தன்னில் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற ஒரே வரி. கணினி முறையாக மூடப்படாமல் அணைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன். ரேமைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகினேன். கார்டு விற்றவர் மேல் சந்தேகப்பட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவர் கணினியில் இரண்டு மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

கடைசியில் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்க்கும் அண்ணன் ஒருவர்தான், “வாட்டை விடுடா, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்” என்றார். பார்த்தேன். 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். மீதியெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கில் கூட்டிக் காட்டிய எண். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான். கார்டுக்கு மட்டும் 200 வாட், ப்ராசஸருக்கு 65, அப்புறம் மதர்போர்டு, ஃபேன், டிஸ்க். அந்தப் பெட்டியிடம் நான் கேட்டது அதனிடம் இல்லாததை.

இன்னொன்றும் அவர் சொன்னார். 200 வாட் என்பது சராசரி. விளையாட்டில் காட்சி மாறும்போது கார்டு சில மில்லி செகண்டுகளுக்கு அதற்கு வெகு மேலே தாவும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும். தாங்காதது தன் பாதுகாப்புக்காக அணைந்துவிடும், அல்லது வோல்ட்டேஜ் இறங்கி மதர்போர்டு ரீஸ்டார்ட் ஆகும். 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போகக்கூடாது என்பது, எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தரமான ஏடிஎக்ஸில் அந்தப் பெட்டி வந்த காலத்து விதி. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இந்தத் தாவலுக்காகவே தனியாக அளவு வைத்திருக்கிறது.

650 வாட் ஒன்று வாங்கினேன். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், அதாவது 648 வாட். அன்றிலிருந்து ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லை. ‘ப்ரான்ஸ்’, ‘கோல்டு’ முத்திரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் கார்டுக்குப் போதுமா என்பது வேறு கேள்வி.

* * *

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்னது அத்தனையும் சரி. என் கதை வாங்கிய பிறகு நடந்தது.

பழைய மாடுலர் (வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கினேன். கேபினெட்டின் பின்புறம் டிஸ்க் வயர்களை அழகாக இழுத்துக் கட்டியிருந்தேன், அவிழ்க்க மனம் வரவில்லை. புதிய பெட்டியிலும் அதே வடிவத் துளைதானே என்று பழைய வயரையே செருகி ஆன் செய்தேன். லேசாகக் கருகல் வாசம். இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன. ஒன்றில் என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள்.

வயரின் டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த பின்னில் எந்த வோல்ட்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் வேறு சீரிஸிலேயே மாறலாம். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தது. பெட்டியை மாற்றினால் வயரையும் மாற்றுங்கள், எல்லா வயரையும்.

* * *

நான் திருநெல்வேலி. எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும், அதனால் யூபிஎஸ் பற்றிச் சொல்கிறேன். 600 விஏ யூபிஎஸ் வைத்திருந்தேன். பிரவுசரில் இருக்கும்போது கரண்ட் போனால் கணினி அசையாமல் நிற்கும். விளையாடும்போது போனால் அந்த நொடியே எல்லாம் அணைந்துவிடும். பேட்டரிதான் போய்விட்டது என்று புதிது போட்டேன், அப்போதும் அதே கதை. 600 விஏ என்றால் என் மாடலில் 360 வாட்தான், என் கணினியோ மானிட்டரோடு சேர்ந்து அதைத் தாண்டியிருந்தது. எஸ்எம்பிஎஸ் பெரியதாக வாங்கும்போது யூபிஎஸ் பட்ஜெட்டையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்புறம், கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எனக்கு ஒரு வருடம் இருந்தது. புது எஸ்எம்பிஎஸ் போட்டும் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோதுதான், ப்ளக்கில் மூன்று பின் இருந்தும் சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை என்று தெரிந்தது. இழுத்துக் கொடுத்த அன்றே நின்றது.

* * *

கோயம்புத்தூர் அண்ணா, அந்தப் படங்களைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. டேட்டா மீட்கும் இடத்தில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். பல நேரம் கருகுவது வெளியே இருக்கும் சர்க்யூட் போர்டு மட்டும்தான், உள்ளே தட்டு நன்றாகவே இருக்கும். இனி அந்த டிஸ்க்குக்கு நீங்களாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

என் பழைய 450-ஐக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தன் கணினிக்குக் கேட்டான். கொடுக்கவில்லை. அதன் மேல் மார்க்கரால் 216 என்று எழுதி, மின்கழிவு எடுப்பவரிடம் போட்டுவிட்டேன். அவனுக்கு வரும் மாதம் 550 வாட் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.