அடுக்குமாடியில் ராட்வைலர்: வாங்கலாமா, வேண்டாமா?

பீளமேட்டான்:
வணக்கம். கோவையில் அடுக்குமாடி, இரண்டாவது தளம். ஒரு ராட்வைலர் குட்டி பேசி வைத்திருக்கிறேன், 45 நாள் ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். சங்கச் செயலாளர் மட்டும் "அந்த நாய் வேண்டாம் தம்பி" என்று முகத்தைத் திருப்புகிறார். எல்லாம் வளர்ப்பில்தானே இருக்கிறது?

மூன்றாம் மாடி:
கடி வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லோரும் முன்னால் இதைத்தான் சொன்னார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியதை மறந்துவிட்டீர்களா? லிஃப்ட் கதவு திறக்கும்போது எதிரே அது நின்றால், என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே ஓடுவது?

ராட்டி அப்பா:
அக்கா, அந்த நாய்களுக்குக் கயிறும் இல்லை, வாய்மூடியும் இல்லை. குற்றம் யார்மேல்? ஜெர்மனியில் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் கறிவண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. வேலை கொடுத்தால் சொன்னபடி கேட்கும், பால்கனியில் கட்டிப்போட்டால் கெட்டுப்போகும். 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது.

கன்னி வளர்ப்பவன்:
அண்ணே, அந்த ஆய்வு குணத்தைப் பற்றியது. பல்லும் எடையும் அதில் வராது. பொமரேனியன் கடித்தால் காயத்தைக் கழுவி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். 50 கிலோ ஆண் ராட்வைலர் ஒரே ஒரு முறை தவறினாலும் கதை வேறு. நூறு நாள் சாதுவாக இருந்ததை அன்றைக்கு யார் கணக்கில் எடுப்பார்கள்?

மூன்றாம் மாடி:
அதனால்தான் தடை வேண்டும் என்கிறேன்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை:
ஒன்றிய அரசு 2024 மார்ச் 12 அன்று, ராட்வைலர் உட்பட 23 நாய் இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நெதர்லாந்து பிட்புல் நாய்களுக்குத் தடையைப் போட்டுப் பார்த்து 2008இல் விலக்கிக்கொண்டது.

கன்னி வளர்ப்பவன்:
பிரிட்டன் எதிர்த் திசையில் போனதையும் சொல்லுங்கள். ஆபத்தான நாய்கள் பற்றிய 1991 சட்டத்தின் பட்டியலில் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வகையைச் சேர்த்து, 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்றார்கள்.

ராட்டி அப்பா:
தடை சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தம்பி, 45 நாள் என்றீர்களே, அதுவே இடிக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வந்தது 2017இல். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது. ஊரே 45 நாளில் விற்கிறது என்பது வேறு விஷயம். கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு, "ஐயோ" என்று கத்தினால் விட வேண்டும் என்று பல்லை அடக்கப் பழகுவது அந்த வாரங்களில்தான். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்று மாதம் வரைதான் குட்டிக்குப் புதிய மனிதர், குடை, சைக்கிள், பட்டாசுச் சத்தம் எல்லாம் சுலபமாகப் பழகும். தடுப்பூசி முடியாததால் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். வாய்மூடியை முதல் வாரமே கொண்டுவாருங்கள். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, அதுவாக மூக்கை நுழைக்கும் வரை கையில் பிடித்திருங்கள். வாரை மாட்டக் கூடாது. தானாக ஓடிவந்து நுழைக்கும் நாளில் மாட்டினால் போதும். கூடை மாதிரிக் கம்பி வைத்தது வாங்குங்கள், அதில்தான் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். லிஃப்ட்டே வேண்டாம், படிதான்.

மூன்றாம் மாடி:
இவ்வளவும் செய்கிறவரைத் தெருவுக்கு ஒருவர் காட்டுங்கள், பிறகு பேசுகிறேன்.

ராட்டி அப்பா:
எங்கள் தெருவில் நான் இருக்கிறேன்.

கன்னி வளர்ப்பவன்:
பீளமேட்டாரே, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஆபீஸ் போன பிறகு கயிற்றைப் பிடிப்பது யார்?

பீளமேட்டான்:
அம்மாதான். 64 வயது, முட்டிவலி உண்டு. ஆனால் நாய் என்றால் உயிர்.

ராட்டி அப்பா:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ராட்டி வேண்டாம். அம்மாவால் லாப்ரடாரைக்கூட இழுத்துப் பிடிக்க முடியாது.

மூன்றாம் மாடி:
இந்த ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணா.