நீச்சல் தெரியாத குடும்பம், முதல் அந்தமான் பயணம்: ஸ்கூபாவா, ஸ்நார்கெலா?

கல்மண்டபம்_மல்லி:

வணக்கம். பிப்ரவரியில் அந்தமான் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், கணவர், நான்காவது படிக்கும் மகள் (9 வயது), மாமியார். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் கடல், ஆனால் இந்தப் பக்கம் கரை நெடுக கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கால் நனைக்க வேண்டுமென்றால்கூட பஸ் பிடித்து மெரினாதான்.

நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கு அடியில் இறங்குவது) செய்யலாம், பயமே வேண்டாம் என்கிறார் ஏஜெண்ட். ஹேவ்லாக், நீல் தீவு எல்லாம் சுற்றிவிட்டு, கடைசி நாள் காலையில் நார்த் பேயில் ஸ்கூபா, மதியம் சென்னைக்கு ஃப்ளைட் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். இது சரியா? மகளையும் இறக்கலாமா? மாமியார் பிபி மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கு என்ன செய்யலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரன்:

தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் கடைசி நாள் ஸ்கூபாவை மாற்றச் சொல்லு. காலையில் டைவ், மதியம் ஃப்ளைட் என்பது கூடவே கூடாது. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து நிற்கும், அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் அங்கே காற்றழுத்தம் குறைவு, கோலி சோடாவைத் திறந்த மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். ஒரே ஒரு டைவ் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடு, நிம்மதி. ஹேவ்லாக்கில் போய் இறங்கியதும் டைவை முடித்துக்கொண்டு, மற்றதைச் சுற்றிப் பார்ப்பதைப் பின்னால் வைத்துக்கொள்.

நீச்சல் தெரியாமல் இறங்கலாம் என்று ஏஜெண்ட் சொன்னது உண்மைதான். முதல்முறை வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார்கள், பயிற்சியாளர் கையை விட மாட்டார். தொந்தரவு கொடுப்பது காதுதான். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் இறங்க ஆரம்பித்ததிலிருந்தே, வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் கை காட்டிச் சற்று மேலே வந்துவிடு, பல்லைக் கடித்துக்கொண்டு போகாதே. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவே வேண்டாம். என்ன ஆனாலும் மூச்சை அடக்காதே.

மகளுக்கு 10 வயது ஆகவில்லை, ஸ்கூபா கிடையாது. 'பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே நீயும் டைவ் செய்யாதே.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது ஸ்நார்கெல்தான், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடியே கீழே பார்ப்பது. நாங்கள் தலைமுறையாகக் கடல் தொழில் செய்கிறவர்கள். இங்கே தண்ணீர் எப்போதும் கலங்கல், இடுப்பளவு நின்றால் பாதம் தெரியாது. கிளிமீனை வலையிலும் ஏலத்திலும்தான் பார்த்திருக்கிறேன். நீல் தீவில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது அது பவளத்தைக் கொறிக்கிற சத்தமே கேட்டது! கறுக்கு மொறுக்கென்று. பல வருஷமாக விற்ற மீன் உயிரோடு என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு ஆழம் தேவையே இல்லை. லைஃப் ஜாக்கெட்டோடு, வழிகாட்டி பக்கத்தில் இருக்க, ஆளுயரத் தண்ணீரில் குழந்தையும் பார்க்கலாம்.

போவதற்கு முன் குளத்தில் பழகிக்கொள்ளுங்கள். மெரினா நீச்சல் குளத்துக்கு ஒருசில காலை போய், முகத்தை நனைத்து வாயால் மூச்சு விட்டுப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அந்தமான் போனதும் மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பார், ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சரியான அளவு. பெரிய மீசை இருந்தால் தண்ணீர் கசியும், உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை. நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் வற்றம் நேரத்தில் பவளம் வெளியே தெரியும், ஏற்றம் எப்போதென்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கல் மாதிரி இருக்கும், ஆனால் உயிர். 2010லும் 2016லும் கடல் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் வெளுத்துப்போனது. மிச்சமிருப்பதன்மேல் ஃபோட்டோவுக்காக ஏறி நிற்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உடைந்த துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். சன்ஸ்கிரீனை அப்புவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ராயபுரம்_அக்கா:

மல்லிம்மா, மாமியாரை வண்டூர் பக்கம் ஜாலி பாய் தீவுக்குக் கூட்டிப் போ. கண்ணாடி அடிப்பகுதி படகில் உட்கார்ந்தபடியே பவளம் பார்க்கலாம். எங்கள் அம்மா கிளிஞ்சலையும் மீனையும் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தீவு வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, மழைக்காலத்தில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு. பிப்ரவரியில் ஜாலி பாய்தான். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோக முடியாது.

டைவ் கடையில் உடல்நலப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, இதயம், காது எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம், அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். கடல் வேலை எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்.

கல்மண்டபம்_மல்லி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஏஜெண்டிடம் பேசிவிட்டேன், ஹேவ்லாக்கில் இரண்டாம் நாளே டைவ் என்று மாற்றித் தருகிறார். என் கணவர் மட்டும் செய்கிறார், நானும் மகளும் ஸ்நார்கெல். அவர் கண்ணாடி போடுகிறவர், கிட்டப் பார்வை. மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியுமா?

காசிமேட்டுக்காரன்:

முடியாது தங்கச்சி, கண்ணாடிக் கம்பி இடித்துத் தண்ணீர் உள்ளே வரும். பவர் வைத்த மாஸ்க் சில டைவ் கடைகளில் இருக்கும், புக் செய்யும்போதே பவர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் சாஃப்ட் லென்ஸ் போட்டு இறங்கலாம், தண்ணீருக்குள் மாஸ்க் கழன்றால் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளச் சொல்.