புலன்குவிப்பா, தொட்டறிதலா?

வணக்கம். பாலியல் சிகிச்சையில் ‘sensate focus’ என்னும் தொடுகைப் பயிற்சிக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ஐயா முன்வைத்த ‘புலன்குவிப்பு’ பற்றித்தான் இந்த மடல். சொல் அழகாகவே இருக்கிறது. ஆனால் குடியாத்தம் பக்கத்துப் பெண்களுக்காகப் பாலின்ப உச்சம் (orgasm) வராத சிக்கல் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது.

அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் விவரித்த முறை இது. தம்பதிக்கு முதலில் சொல்வதே, இப்போதைக்கு உடலுறவு வேண்டாம் என்பதுதான். முதுகு, கை, கால் என்று மாறி மாறித் தொடுகிறார்கள். மார்பும் பிறப்புறுப்பும் பிறகு வரும். கிளர்ச்சி வந்தே ஆக வேண்டும் என்று கிடையாது. சூடா, சில்லென்றா, சொரசொரப்பா என்று கவனித்தால் போதும். ‘குவிப்பு’ என்று படித்ததும் நர்ஸ் தோழி கண்ணை மூடி, நெற்றிப்பொட்டில் விரல் வைத்து, “தியானமாக்கா?” என்றாள். முயற்சியைக் கைவிடச் சொல்லும் பயிற்சிக்கு முயற்சியின் பெயரையே வைத்திருக்கிறோம்.

தொல்காப்பியம் ஓரறிவைச் சொல்லும்போதே ‘உற்றறிவதுவே’, அதாவது தொட்டு அறிவது, என்கிறது. “கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்” என்ற குறளோ (1101) காமத்துப்பாலிலேயே இருக்கிறது! உற்றறிதல் என்று வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பீடி சுற்றி முடித்துவிட்டு வரும் பெண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார். அதனால் தொட்டறிதல்.

அப்புறம், சுய இன்பம். உச்சத்தை ஒருமுறைகூட அறியாத பெண்களுக்கு நல்ல பலன் தருவது இதைப் படிப்படியாகப் பழக்கும் முறை. அமெரிக்க உளவியலாளர்கள் லோபிக்கோலோவும் லோபிட்ஸும் 1972இல் ஒன்பது படிகளாக வகுத்தார்கள். தன் உடலைக் கண்ணாடியில் பார்ப்பதில் தொடங்கும், கணவர் வருவது கடைசிப் படிகளில்தான். தமிழில் ‘சுய இன்பம்’ என்றாலே ‘பழக்கம்’ பின்னால் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் சுவர் விளம்பர லாட்ஜ் வைத்தியர்கள் செய்த உபயம். ‘தன்தொடுகைப் பயிற்சி’ என்று எழுதினேன். மழுப்பல் என்பீர்கள், சரிதான். அதனால் முதல் வரியில் மட்டும் பழைய சொல்லையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உறவின்போது ‘வருமா, நான் எப்படித் தெரிகிறேன், அவர் சலித்துக்கொள்வாரோ’ என்று வெளியே நின்று தன்னையே கவனிக்கும் மனநிலைக்குப் பட்டியலில் ‘சுயபார்வையாளர் நிலை’ என்று இருக்கிறது. தோழியிடம் விளக்கியபோது பாதியிலேயே, “தன்னையே வேடிக்கை பாக்கறதா?” என்றாள். அதுதான். ‘தன்னை வேடிக்கை பார்த்தல்’ என்றே வைத்துவிட்டேன். இதற்குமேல் ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லை.

சிக்கலின் பெயர்தான் இன்னும் தீரவில்லை. பழைய ஆங்கில மருத்துவம் இந்தப் பெண்களைக் குளிர்ந்து உறைந்தவர்கள் என்றது. நம் ‘உச்சக் குறைபாடு’ அதற்குத் தங்கச்சி. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளால்கூட உச்சம் தள்ளிப்போகும். அதையும் பெண்ணின் குறையாக ஏன் அவள் தலையில் கட்ட வேண்டும்? ‘உச்சமின்மை’ மலட்டுப் பட்டம்போல் ஒலிக்கிறது. ‘உச்சத் தடை’ பிடித்திருந்தது. ஆனால் எதுவும் தடுக்காமல், வெறுமனே பழகாததால் வராதவர்களும் உண்டே. இப்போதைக்கு ‘உச்சம் எட்டாமை’ என்று எழுதியிருக்கிறேன். எட்டாக்கனியை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும்.

வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை வேலூரில் அச்சுக்குக் கொடுக்கிறேன்.