மறுமொழி: ரீமாஸ்டர், ரீமேக், ரீபூட் – மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் உலகில் புழங்கும் இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒரு நண்பர் கேட்டது:

> ரீபூட்டுக்கு ‘மறுதொடக்கம்’ போதாதா? ரீமேக்கையும் அதிலேயே அடக்கிவிடலாமே.

போதாது என்றே நினைக்கிறேன். டூம் ரைடர் (Tomb Raider) வீடியோ கேம் தொடரின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஏன் என்று தெரிந்துவிடும். அந்த ஒரே தொடருக்குள் இந்த மூன்றும் நடந்திருக்கின்றன.

முதல் ஆட்டம் 1996-இல் வந்தது. இங்கிலாந்தின் டெர்பியில் இருந்த கோர் டிசைன் உருவாக்கியது. அடுத்த நான்கு ஆண்டுகளும் ஆண்டுக்கொன்று வந்தது. 1999 ஆட்டத்தின் முடிவில் நாயகி லாரா கிராஃப்ட் எகிப்தில் இடிபாடுகளுக்குள் சிக்கி இறந்துவிட்டதாகவே காட்டினார்கள். 2000-இல் வந்ததோ, நண்பர்கள் அவளை நினைத்துப் பேசும் கதைகள். 2003 ஆட்டம் முழுமையாகச் சீர்படாமலே வெளிவந்து அடி வாங்கியது. அப்புறம் பதிப்பாளரான ஐடாஸ், தொடரைக் கலிபோர்னியாவின் கிறிஸ்டல் டைனமிக்ஸிடம் ஒப்படைத்தது. இதுவரை ‘தொடர்ச்சி’ என்ற சொல்லே போதும்.

சிக்கல் இனிமேல்தான். 2007-இல் முதல் ஆட்டத்தையே மறுபடி செய்தார்கள். பெரு, கிரேக்கம், எகிப்து, அட்லாண்டிஸ் என்று பயண வரிசை அதேதான். ஆனால் நிலைகளை (லெவல்களை) புதிதாகக் கட்டினார்கள், லாராவின் அசைவுகள் மாறின, பெருவின் பள்ளத்தாக்கில் வரும் டைனோசர் சண்டையே வேறு விதமானது. இது ரீமேக். இதற்கு ‘மறு ஆக்கம்’ சரியாகப் பொருந்துகிறது. திரைப்படத்துக்கு ஏற்கெனவே புழங்கும் சொல்தான், மாற்றத் தேவையில்லை.

2024-இல் வந்த முதல் மூன்று ஆட்டங்களின் தொகுப்பு அப்படியல்ல. விளையாடும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சியும் புதிய காட்சியும் மாறி மாறி வரும். சுவர், படி, பள்ளம் எல்லாம் பழைய ஆட்டங்களில் இருந்த அதே இடத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. இது ரீமாஸ்டர். இதை மறு ஆக்கம் என்று எழுதினால் தவறான தகவல் ஆகிவிடும். ‘மெருகுப் பதிப்பு’ என்கிறேன்.

சரி, ரீபூட். 2013 ஆட்டத்தில் லாரா அனுபவமில்லாத இளம்பெண். கப்பல் உடைந்து யமத்தாய் தீவில் ஒதுங்குகிறாள். முந்தைய ஆட்டங்களில் நடந்தது எதுவும் இந்தக் கதையில் நடக்கவே இல்லை. ‘மறுதொடக்கம்’ கணினியை அணைத்துப் போடுவதற்கு நிலைத்துவிட்டது. நிலையை முதலிலிருந்து ஆடுவதற்கும் ஆட்டத்தின் பட்டியலில் (மெனுவில்) அதையே போடுகிறோம். ‘மறுபிறவி’ என்று இன்னொரு நண்பர் சொன்னது அழகான சொல், ஆனால் மறுபிறவியில் முன்வினை கூடவே வரும். இங்கே அறுந்துபோவதே அந்த முன்வினைதான்.

என் முன்மொழிவு ‘புதுக்கால்கோள்’. கால்கோள் என்றால் முதல் கால் நட்டுத் தொடங்குவது. மனை அதுவே, பெயரும் அதுவே. கால் மட்டும் புதிதாக நடுகிறார்கள். வினையாகவும் இயல்பாக வருகிறது: “2013-இல் தொடருக்குப் புதுக்கால் நாட்டினார்கள்.” ‘மறுகால்கோள்’ வேண்டாம், மறுகால் என்றால் குளத்தின் உபரிநீர் போகும் வழி என்று தெற்கே உடனே படிப்பார்கள்.

2006 ஆட்டத்தையும் புதுக்கால்கோளில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய கதையில் இமயமலை விமான விபத்தில் இருபத்தொரு வயது லாரா மட்டும் பிழைக்கிறாள். 2006-இல் அவள் ஒன்பது வயதுக் குழந்தை, தாயும் கூட இருக்கிறாள், அந்தத் தாய் மறைந்துபோவதுதான் அடுத்தடுத்த கதைகளுக்கே அடிப்படை. முகமும் துப்பாக்கியும் பழையபடி இருப்பதால் பலர் இதை வெறும் தொடர்ச்சி என்று எழுதுகிறார்கள். அடிப்படை மாறியதா என்று பார்க்கச் சொல்லும் சொல் இருந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ஒரு வரி எடுத்துக்காட்டும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்