பொருள்: ‘பிரீத்தபிள்’ துணிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

திருப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். குளிர்நாடுகளுக்கான மலையேற்ற, பனிச்சறுக்கு உடைகளைத் தைப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளடுக்கு, இடையடுக்கு, வெளியடுக்கு என்பவற்றில் சிக்கல் இல்லை. வெளியடுக்குத் துணியை ‘வாட்டர்ப்ரூஃப், பிரீத்தபிள்’ என்கிறார்கள். முதலாவதற்கு ‘நீர்புகா’ இருக்கிறது. இரண்டாவதற்கு முந்தைய பதிப்பில் ‘சுவாசிக்கும் துணி’ என்று போட்டிருக்கிறார்கள். துணி மூச்சு விடுவதாக எழுத எனக்குக் கை வரவில்லை. ‘காற்றோட்டமுள்ள துணி’ எனலாமா?

டொராண்டோவிலிருந்து, ஆடை வடிவமைப்பாளர்:

வேறு எதைப் போட்டாலும் ‘காற்றோட்டம்’ மட்டும் வேண்டாம். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில், காற்று உள்ளே ஓடும் உடையை அணிந்தவர் விறைத்துப்போவார். இந்தத் துணியின் வேலையே காற்றை நிறுத்திவிட்டு வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடுவதுதான். 1969இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த மென்படலத்தில் எண்ணற்ற நுண்துளைகள் இருந்தன. அவை நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, ஆவியின் மூலக்கூறு தாராளமாகக் கடக்கும் அளவுக்குப் பெரியவை. உள்ளே வெப்பமும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் இருப்பதால் ஆவியழுத்த வேறுபாடே அதை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் இரண்டு பண்புகளையும் தனித்தனியாக அளக்கிறார்கள்: 10,000 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை ஒழுகாமல் தாங்குமா என்பது ஒன்று, ஒரு சதுர மீட்டர் வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி வெளியேறுகிறது என்பது மற்றொன்று. ஏறும்போது வியர்த்தவர் உச்சியில் நின்றதும், நனைந்த உள்ளடுக்கு உடற்சூட்டை உறிஞ்சிவிடும்; நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே சொல்லில் ‘ஆவி’ இருந்தே ஆக வேண்டும். ‘ஆவி கடத்தும் துணி’ என்பது என் முன்மொழிவு.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

‘கடத்தி’, ‘கடத்தல்’ ஆகியவற்றைப் பாடநூல்கள் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் கொடுத்துவிட்டன. சூட்டைக் காக்க வேண்டிய உடைக்கு அச்சொல்லை வைப்பது முரண். ஆவி உள்ளே தங்கினால் உடலுக்கு நேர்வதைத் தமிழர் ‘புழுக்கம்’ என்றனர். ‘நீர்புகா’ என்பதைப் போலவே ‘புழுங்கா’ என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவே அமைத்துவிடலாம். புழை, புழல், புழுங்கு மூன்றும் ஒரே வேரினவென்பது என் நெடுநாள் துணிபு; உட்டுளையில் அடைபட்ட வெம்மையே புழுக்கம். உடைக்கும் ‘ஜாக்கெட்’ எதற்கு? முல்லைப்பாட்டில் யவனக் காவலர் அணிந்த ‘மெய்ப்பை’ இருக்கிறது. ‘நீர்புகாப் புழுங்கா மெய்ப்பை’ எனில் ஓசையும் அமைகிறது.

டொராண்டோவிலிருந்து:

ஐயா, ஓசை அமைகிறது, உண்மை அமையவில்லை. ‘புழுங்கா’ என்பது எந்தத் துணியாலும் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. செங்குத்தாக ஏறுபவரின் வியர்வைக்கு எந்தப் படலமும் ஈடுகொடுக்காது. அதற்காகவே அக்குளில் ஜிப் வைக்கிறோம். வெளிமுகத் துணி நீரில் ஊறிவிட்டாலும் ஆவி போகாது, அதனால் அதன்மேல் நீர்விலக்குப் பூச்சு தேவைப்படுகிறது. புளூரின் சேர்ந்த பழைய பூச்சுகளைச் சூழல் கேடு கருதிக் கைவிட்டு வரும் இந்நாளில், எண்ணெய்ப் பசையை எளிதில் ஏற்கும் புதிய பூச்சுகளை முறையாகத் துவைத்துப் பேணாவிட்டால் அந்த உடையில் நன்றாகவே புழுங்கும். வேர் ஆய்வைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; ஒலி ஒத்திருப்பது மட்டும் போதுமா என்று இலக்கணம் அறிந்தோர் சொல்லட்டும்.

திருப்பூரிலிருந்து, தையற்கூட மேற்பார்வையாளர்:

எங்கள் கூடத்தில் ‘பிரீத்தபிள்’ என்றே சொல்கிறார்கள், இனியும் அப்படித்தான் சொல்வார்கள். இருந்தாலும் விளக்கும் சொல் ஒன்று தேவைப்படுகிறது. ஊசி இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் படலத்தில் துளை விழுகிறது. அதை அடைக்கத் தையலின் உட்புறம் வெப்பக்காற்றால் டேப் ஒட்டுகிறோம். அந்த டேப் வழியே ஆவி போகாது. நீர் ஒழுகக் கூடாது என்று மட்டும் தெரிந்தவர், பாதுகாப்புக்கு அகலமான டேப்பே நல்லது என்று நினைக்கிறார். குறுகிய டேப்பை ஏன் கேட்கிறார்கள் என்பது அவருக்குச் சொல்லிலிருந்தே புரிய வேண்டும். ‘மெய்ப்பை’யை எந்தப் பை என்று கேட்பார்கள்.

திருப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இக்காரணத்தாலேயே ‘ஆவிபோக்கும் துணி’ என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் மெய்ப்புப் பார்த்தவர் சிரித்துவிட்டார்: ஆவியைப் போக்கும் உடையென்றால் உயிரை வாங்கும் உடை அல்லவா? ‘நீராவி’ என்றால் பழைய இரயில் எஞ்சின் நினைவுக்கு வருகிறது என்று இன்னொருவர் தனிமடலில் வருந்துகிறார். எஞ்சின் இருந்துவிட்டுப் போகட்டும். நான்கு பேர் ஒப்பியதால் ‘நீராவி போக்கும் துணி’ அச்சுக்குப் போகிறது. ‘புழுங்கா’வைக் கலைச்சொற் பட்டியலில் மாற்றுச் சொல்லாகச் சேர்க்கிறேன்.

தஞ்சையிலிருந்து:

சேர்ப்பதானால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்பதை மறவாமல் ‘புழுங்காத் துணி’ என ஒற்றுடன் அச்சிடுக. எண்ணிக்கையால் என் கருத்து மாறவில்லை. ‘மெய்ப்பை’க்குக் குழுமத்தில் தனி உரையாடல் இழை தொடங்குகிறேன்.