நம் பெண்கள் குழு: இரவு பேச்சு

சின்னவள்: கூச்சமாக இருக்கிறது, நம் குழுதானே என்று கேட்கிறேன். நாலு நாளாகச் சிறுநீர் வெளிவரும் இடத்தில் ஒரே அரிப்பு. யாருக்காவது இப்படி வந்ததா?

அண்ணி: சோப்பு மாற்றினாயா?

சின்னவள்: ஆமாம் அண்ணி, அந்தரங்கச் சுத்தத்துக்கு என்று வாசனைத் திரவம் ஒன்று வாங்கினேன்.

பெரிய அக்கா: முதலில் அதை நிறுத்து. அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லியது, வாசனைப் பொருள் ஒத்துக்காது. வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். துணி சோப்பு, வாசனை நாப்கின் கூட அரிப்பைத் தரும். வெள்ளைப்படுதல் இருக்கிறதா?

சின்னவள்: கொஞ்சம். தயிர்த் திப்பி மாதிரி. போன வாரம்தான் தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் முடித்தேன்.

பெரிய அக்கா: அப்படியானால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும், அந்த இடைவெளியில் பூஞ்சை பெருகும். ஆனால் நாமாகவே முடிவு செய்ய வேண்டாம்.

அத்தை: அதை நான் சொல்கிறேன் கேள். எனக்கு வந்தபோது வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி இரண்டு மாதம் தடவினேன். தடவினால் அடங்கும், விட்டால் இரட்டிப்பாக வரும். கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, பூஞ்சையை அதுவே வளர்த்துவிட்டது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை! அதுவரை எனக்கே தெரியாது. அடிக்கடி வந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடும்மா.

அண்ணி: என் அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இதே தொல்லை. ஹார்மோன் குறைந்து வறண்டுபோனதுதான் காரணம். அதற்கு மருந்து வேறு.

தங்கை: குழந்தைக்கு ராத்திரி மட்டும் அரித்தால்?

பெரிய அக்கா: கீரிப்பூச்சியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. சின்னவளே, எரிச்சல், அடிக்கடி சிறுநீர் முட்டுவது, நாற்றமுள்ள கசிவு, புண் எதுவானாலும் தள்ளிப்போடாதே. பாலுறவால் வரும் தொற்று என்றால் கணவருக்கும் சேர்த்துத்தான் மருந்து. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீரே வராமல் அடைப்பது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஓடு. கர்ப்பமாக இருந்தால் லேசான அரிப்பையும் காட்ட வேண்டும்.

சின்னவள்: அதெல்லாம் இல்லை அக்கா. நாளைக் காலையில் போகிறேன்.

பெரிய அக்கா: சிறுநீர் கேட்டால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடி. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் அதையும் சொல்லிவிடு.

அத்தை: தனியாகப் போகாதே, நானும் வருகிறேன்.